சுவருக்கு மேலே ஈரச் சாக்கு

முள்ளங்கியை எங்கள் லயத்தில் ராபு என்றுதான் சொல்வோம். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், சந்தையில் காய் விற்பவர்களும் அவர்கள்தான், அதனால் அவர்கள் வைத்த பெயரே எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அந்த ராபுவை நாற்றமில்லாமல் வேகவைக்க நான் ஏழு வருஷம் பாடுபட்டேன். வேறு பெண்கள் ஏழு வருஷத்தில் என்னென்னவோ கற்றுக்கொண்டிருப்பார்கள். நான் கற்றுக்கொண்டது அதுதான்.

நான் பிறந்தது தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை, நான் நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா பால் வெட்டினாள். விடியுமுன் கத்தியோடு போய் மரங்களைக் கீறிவிட்டு, பிறகு வாளியோடு போய்ப் பாலைச் சேர்த்துக்கொண்டு வருவாள். மத்தியானத்துக்குப் பிறகு, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவைக் கொத்துவாள். எங்கள் பக்கம் மழை ஓயாது, அதனால் மண்ணை உயர்த்தி இரண்டு பாத்தி போட்டிருந்தாள். கீரையும் மிளகாயும் சில நாள் வரும், சில நாள் அழுகிப்போகும். ராபு மட்டும் அம்மாவை ஏமாற்றியதில்லை. கிழங்கைக் குழம்பு வைப்பாள், இலையை அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வதக்குவாள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அந்த வாசனை இல்லாத வாரம் கிடையாது. அதை நாற்றம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகுதான்.

பதினெட்டு வயதில் என்னைத் தோட்டத்து டிஸ்பென்சருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். லயத்து ஜனங்களுக்கு மருந்து கொடுப்பவர், எல்லோரும் டாக்டர் ஐயா என்பார்கள். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சப்பாத்துப் போட்ட மனிதர் ஒரு பால்வெட்டுக்காரியின் மகளைக் கேட்டு வந்ததில் எல்லோருக்கும் ஆச்சரியம். அம்மாவுக்கு மட்டும் ஆச்சரியமில்லை. அவருடைய தாயும் என் அம்மாவும் கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள், தூரத்துச் சொந்தமும்கூட. அவர் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்து, மருந்து வேலை பழகி மேலே வந்திருந்தார். அந்தக் கதையை அவர் எங்கள் தோட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் கேட்டால் கண்டி என்பார். வெளியில் பெண் கேட்டால் விசாரிப்பார்கள். எங்களிடம் விசாரிக்க ஒன்றும் இல்லை, எங்களுக்கு எல்லாம் தெரியும்.

எங்களுக்குக் கொடுத்த குவாட்டர்ஸ் ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வீடு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கரும் அவர் மனைவியும். அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். இரண்டு வீட்டு அடுப்படியும் ஒரே சுவரில் முதுகைக் கொடுத்திருந்தன. அந்தச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி அதோடு நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரை வெறும் இடைவெளி. அந்த வீட்டம்மா தேங்காய் துருவுவது எனக்குக் கேட்கும், நான் அரைப்பது அவருக்குக் கேட்கும். கருவாடு பொரிக்கும் வாசனை அங்கிருந்து வரும்போது எனக்கு வாய் ஊறும். என்னைவிட அவர் பத்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். சுவர் வழியாகவே உப்பும் நெருப்பும் கேட்டுக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ராபுவை முந்தானையில் கட்டிக்கொண்டு வருவாள். மலைச்சரிவில் ஆளுக்கு ஆள் கூப்பிட்டுப் பேசிப் பழகியவள், அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஒரு ஞாயிறு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என் கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

"மாப்பிள, ஒங்க அம்மா வச்ச ராபுக் கொழம்புக்கு நாங்க சண்ட போடுவோம். அந்த லயத்துல அவ கைக்கு ஈடு கெடயாது. நீங்க சட்டிய வழிச்சு நக்குவீங்க, ஞாபகம் இருக்கா?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"இனிமே ராபு, கோவா எதுவும் இந்த வீட்டுல நாறக்கூடாது. பெரிய கிளாக்கர் டிஸ்பென்சரிக்கே வந்து சொல்லிட்டுப் போறாரு. அவரு வீட்டம்மாவுக்கு நம்ம அடுப்படி நாத்தத்துல தலவலி வருதாம்."

எனக்கு உடம்பு கூசிப்போனது. "நானே போயி அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேங்க" என்றேன்.

"அந்த வேலையே வேணாம். அவரு சொன்னது வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம். நீ உன் அடுப்பப் பாரு."

அன்றிலிருந்து நான் என் அடுப்பைப் பார்த்தேன்.

ராபுவை மெல்லிசாக நறுக்கி உப்பில் பிசறி வைத்தால் அது தண்ணீர் விடும், பாதி நாற்றம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பிழிந்து தூரத்துச் சாக்கடைக் கானில் கொண்டுபோய் ஊற்றினேன். மூடி வைத்து அவித்தால் நாற்றம் சட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்து திறக்கும்போது ஒரேயடியாக எழும்பும். திறந்து அவித்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், ஆனால் அது போகிற வழி அந்தச் சுவருக்கு மேலேதான். அதனால் பின்னால் ஈரப்பலா மரத்தடியில் மூன்று கல்லை வைத்து, முதல் கொதியை அங்கே வாங்கி வடித்துவிட்டு உள்ளே கொண்டுவருவேன். மழை நாளில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் அகப்பையுமாக நிற்பேன். சந்தையில் காய் விற்ற சிங்களப் பெண்ணிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மீனுக்குப் போடுகிற கொறக்காப் புளியில் ஒரு சுளை போட்டுப் பார் என்றாள், அதற்குக் கொஞ்சம் அடங்கியது. கோவா என்கிற முட்டைக்கோஸின் குணம் பிடிபட ஒரு வருஷம் ஆனது. அது வெந்து குழைந்தால்தான் நாறும். பொடியாக அரிந்து, சட்டி நன்றாகச் சுட்ட பிறகு போட்டு, தேங்காய்ப்பூவோடு நாலு கிண்டு கிண்டி இறக்கிவிட்டால் சத்தமில்லாமல் இருக்கும். கடைசியில் ஒரு துண்டுக் கறுவாப்பட்டையைத் தணலில் போட்டுப் புகைய விடுவேன்.

இவ்வளவும் போதாதென்று ஒரு சாக்கைப் பிரித்து, தண்ணீரில் நனைத்து, கூரை மரத்திலிருந்து அந்த இடைவெளியை மறைத்துத் தொங்கவிட்டேன். தினமும் காலையில் அதை நனைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக அடுப்பு மேடையில் ஒழுகும். ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துச் சாக்கே நாற ஆரம்பித்தது. கழுவிக் காயவைத்து மறுபடி கட்டினேன். அது இற்றதும் வேறு சாக்கு.

அவர் மத்தியானம் வந்ததும் நிலைப்படியில் நின்று ஒரு மூச்சு இழுப்பார். முகம் சுளிக்காமல் உள்ளே வந்தால் எனக்கு அன்றைக்குப் பரீட்சையில் தேறிய மாதிரி. அவர் மேல் எப்போதும் கார்பாலிக் மருந்து நெடி அடிக்கும், சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அதை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

அக்கா இப்போது கருவாட்டை உள்ளே பொரிப்பதில்லை, பின்னால் கொண்டுபோய்ப் பொரித்தார். பெரிய இடத்துப் பெண்கள் இப்படித்தான் சுத்தமாக இருப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் வழியான பேச்சும் குறைந்து நின்றுபோனது. முற்றத்தில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு வயிற்றில் ஆறு மாதம். ராபு மேல்தான் ஆசை. யாரிடமோ வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், அது அம்மா காதுக்குப் போயிருக்கிறது. ஒரு ஞாயிறு இலையோடும் மண்ணோடும் ஒரு கட்டு ராபுவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அத உள்ள கொண்டு வராத."

"ஏன்டி? நீதான கேட்டியாம்?"

"பக்கத்து வீட்டுல நாத்தம்னு சொல்றாங்கம்மா. அவருக்கு மானம் போகுது."

"ராபு நாறுதாமா?" என்று அம்மா சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சரி, வெளிய கல்லு வச்சிருக்கல்ல, அங்கேயே அவிச்சுத் தரேன். ரெண்டு வாய் தின்னுட்டுப் போ."

"வேணாம்மா, கொண்டுக்கிட்டுப் போ. நீயும் ஞாயித்துக்கெழமயில வராத. அவரு வீட்டுல இருக்காரு. வேற நாள்ல வா."

வேறு நாளில் அம்மாவுக்கு வேலை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அம்மா ராபுக் கட்டோடு திரும்பிச் சரிவில் இறங்கிப் போனாள். மகள் பிறந்தபோது வந்து பார்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனாள். அதற்குப் பிறகு நான்தான் கீழே லயத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அரை மைல்கூட இல்லை. பண்டிகைக்கு ஒரு தடவை, காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் ஒரு தடவை, அப்படித்தான் போனேன்.

ரப்பர் விலை விழுந்தது. மரங்களை வெட்டாமல் பாலோடு விட்டார்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் பேர் கொடுக்கப் போனவர்களில் பாதிப்பேர் வேலையில்லாமல் திரும்பி வந்தார்கள். பிறகு, போக விருப்பமுள்ளவர்களை இந்தியாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். விருப்பமில்லாமல் இங்கே எதைத் தின்பது? அம்மா பேர் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் என் கணவரிடம் கெஞ்சினேன்.

"தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வயசானவங்க, அங்க யாரும் இல்ல. பாவாட கட்டுன வயசுல இங்க வந்தவங்க. இல்லாட்டி நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

"எனக்கே இந்த வேல நிக்குமான்னு தெரியல. இதுல உங்கம்மாவுக்கு எங்க போயிச் சொல்றது?" என்றார். வீட்டில் இருக்கட்டும் என்று நான் சொன்னது காதில் விழாதது போல இருந்துவிட்டார். நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் பகலில் அம்மாவைப் பார்க்கப் போனேன். பாத்தியில் கிடந்த கடைசி ராபுக்களையும் பிடுங்கிக் குழம்பு வைத்திருந்தாள். சட்டி பானையெல்லாம் பக்கத்துக் காம்பராக்காரிக்குக் கொடுத்தாகிவிட்டது, அந்த ஒரு சட்டிதான் மிச்சம். எனக்குச் சோறு போட்டு ஊற்றினாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு எழுந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வாசனையோடு எப்படி வீட்டுக்குப் போவது? அடுப்பிலிருந்து சாம்பலை எடுத்தேன். வெளியே தேசிக்காய் மரத்தில் ஒரு காயைப் பறித்துப் பிழிந்து கையைத் தேய்த்தேன். வாயைக் கொப்பளித்தேன். விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தேன். அம்மா செம்பை எடுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் தேய்ச்சுக்க. நகக்கண்ணுல இருக்கும்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. எனக்கு ஒத்தாசை செய்தாள்.

மறுநாள் காலையில் தெஹியோவிட்ட ரயிலடியில் சின்ன ரயில் ஏறிப் போனார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. பிள்ளைக்குச் சளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்துப் பெரிய கிளாக்கருக்கும் வேலை போனது. தோட்டச் செலவைக் குறைக்கிறார்கள் என்றார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்த நேரம், அக்கா என் அடுப்படிக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அங்கே கால் வைத்தது இரண்டோ மூன்றோ தடவைதான்.

"தங்கச்சி, அம்மியைத் தூக்கிக்கொண்டு போகேலாது. நல்ல கல்லு. நீர் வைச்சிரும்."

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். சுவருக்கு மேலே பார்த்தார்.

"போற நேரம் ஒண்டு கேக்கிறன், குறை நினையாதையும். எங்கட கருவாட்டு மணம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளேல்லையோ?"

எனக்குப் புரியவில்லை. "எங்களுக்கா அக்கா?"

"நீர் இந்தச் சாக்கைக் கட்டின அண்டைக்கே நான் இவரிட்டைச் சொன்னனான், அந்தப் பிள்ளைக்கு அருவருக்குது போலை எண்டு. அதுக்குப் பிறகு உள்ளுக்குப் பொரிக்கிறதையே விட்டிட்டன். கதைக்கவும் எனக்குக் கூச்சமாப் போச்சு."

"அக்கா, எங்க வீட்டு ராபு நாத்தம் தாங்கலன்னு நீங்கதானே சொன்னீங்க? ஐயா டிஸ்பென்சரிக்கு வந்து இவங்ககிட்டச் சொன்னாராமே."

"ஆர் சொன்னது?" அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை. இவரும் சொல்லுற ஆளில்லை. உம்மட அம்மா வாற ஞாயிறுகளிலை அந்த முள்ளங்கி மணத்துக்கு எனக்குப் பசி கிளம்பும். ஒரு கிண்ணம் கேப்பம் எண்டு நினைப்பன், வெக்கமாயிருக்கும். பிறகு அவவும் வராமல் விட்டிட்டா."

நான் சுவருக்கு மேலே தொங்கிய சாக்கைப் பார்த்தேன். அவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் வண்டியேறிப் போய்விட்டார்கள். ஒரு சுவர் தூரத்தில் ஏழு வருஷம் இருந்த மனுஷியிடம் நான் வாய்விட்டுப் பேசியது அந்தக் கால் மணி நேரம்தான்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். கை கழுவத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"பக்கத்து வீட்டக்கா ராபுவப் பத்தி ஒண்ணுமே சொல்லலயாம்."

அவர் கை கழுவுவதை நிறுத்தவில்லை. "அதுக்கு இப்ப என்ன?"

"ஏன் பொய் சொன்னீங்க?"

"உங்கம்மா வாய் உனக்குத் தெரியாது? அந்தப் பக்கம் கேக்குற மாதிரி லயத்துக் கதையெல்லாம் பேசும். நான் எங்கேர்ந்து வந்தேன்னு பெரிய கிளாக்கருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எனக்கு என்ன மதிப்பு? வரவேணாம்னு சொன்னா நீ அழுவ. நாத்தம்னு சொன்னா நீயே நிறுத்திருவன்னு தெரியும்." கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நிறுத்தினியே."

செம்பைக் கீழே வைத்தேன். இன்றைக்கும் அவர் மேல் எவ்வளவு ஆத்திரப்பட்டாலும் கடைசியில் அந்த ஒரு வார்த்தையில் வந்து முட்டிக்கொண்டு நிற்பேன். அவர் ஒரு பொய்தான் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் செய்தது நான்.

சாக்கை இழுத்தேன், இற்றுப்போயிருந்ததால் துண்டு துண்டாக வந்தது. அடுத்த சந்தையில் ராபு வாங்கினேன். உப்பில் பிசறவில்லை, கொறக்கா போடவில்லை, வெளியே கொண்டுபோய் வடிக்கவில்லை. அம்மா வைக்கிற மாதிரியே வைத்தேன். வாசனை வீடு முழுக்க ஏறியது. அந்தப் பக்கத்து வீடு காலியாகக் கிடந்தது. அவர் வந்தார், நிலைப்படியில் மூச்சு இழுத்தார், அப்படியே டிஸ்பென்சரிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பிறகு மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சீ, என்னம்மா இது? லயத்து நாத்தம்."

அவளை நான் அதற்கு முன்னால் கை நீட்டி அடித்ததில்லை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. ஏன் அடி விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை, அழக்கூடத் தோன்றாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பேச்சை அவள் அப்பாவிடம் கற்றிருக்கலாம். ஆனால் அந்த வாசனையே இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவள் நான். என் அம்மா செய்த குழம்பில் ஒரு வாய் அவள் தின்றதில்லை.

சட்டியோடு உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். சந்தை ராபு முற்றல், நாராக இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

அம்மாவுக்கு எழுதத் துணிவு வர மேலும் ஆறு மாதம் ஆனது, பிறகு இரண்டு கடிதம் எழுதிப் போட்டேன். மூன்றாவதற்குத்தான் ஒரு தபால் அட்டை வந்தது, யாரோ தெரியாதவர் கையெழுத்து. கப்பலிறங்கி எட்டு மாதத்தில் வயிற்றுக்கடுப்பில் போய்விட்டாள் என்றும், ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் தாங்களே காரியத்தைச் செய்ததாகவும் எழுதியிருந்தார்கள். நான் முதல் கடிதம் எழுதும்போதே அவள் உயிரோடு இல்லை.

என் கணவர் அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஞாயிறுதோறும் நான் ராபு வைத்தேன். அவர் அதைத் தொடாமல் வேறு கறியோடு சாப்பிட்டுப் போவார். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்திருக்கும், போவதற்கு இரண்டு பேருக்கும் இடம் இல்லை.

மகள் கல்யாணமாகி அவிசாவளையில் இருக்கிறாள். அன்றைக்கு அடித்ததற்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அவளுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. அவள் வீட்டில் ராபு வாங்குவதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"பிள்ளைகளுக்குப் புடிக்காதும்மா. வீடெல்லாம் நாறும்" என்றாள்.